எண்ணுக்குப் பேர் சொல்லும் பேரேடு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் யாரிடமாவது ஒரு வீட்டுக்கு வழி கேட்டால், வீட்டு நம்பரை யாரும் சொல்ல மாட்டார்கள். "அமரவிளைப் பாலம் தாண்டி அரை கிலோமீட்டர்", "உதியன்குளங்கரை முக்கிலேர்ந்து தெற்கே நாலாவது வீடு" என்றுதான் பதில் வரும். தெரிந்த பேர் ஒன்று, அதிலிருந்து எவ்வளவு தூரம் என்பது ஒன்று. இந்த இரண்டும் கையில் இருந்தால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். அதே வீட்டின் கிரயப் பத்திரத்தைப் பிரித்தால் கதை வேறு. அங்கே சர்வே நம்பரும் உட்பிரிவும்தான் பேசும். அந்த நம்பரை எடுத்துக்கொண்டு வில்லேஜ் ஆபீசுக்குப் போய் ஏட்டைப் புரட்டினால்தான் அது யாருடைய விளை, எந்தத் தோப்பு என்று தெரியும்.

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே இரட்டைக் கணக்குதான் ஓடுகிறது. இயந்திரம் எண்ணில் பேசும், மனுஷன் பேரில் பேசுவான். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஏடு வேண்டும். அதற்குத் துறைக்காரர்கள் சிம்பல் டேபிள் என்று பேர் வைத்திருக்கிறார்கள். நான் இந்தக் கட்டுரையில் பேரேடு என்றே சொல்லப் போகிறேன். பேரேடு என்றால் பெரிய ஏடு என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வார்கள். நாற்பது வருஷம் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதினவனுக்கு அது பேர்வாரியாக எழுதுகிற ஏடுதான். சிட்டையில் நாள் வரிசையாக விழுந்த வரவும் பற்றும் அவரவர் பேருக்குப் போய்ச் சேருகிற இடம் அது.

நமது சங்கத்து மலர்களில் கோயில், கல்வெட்டு, எல்லைப் போராட்டம் பற்றியெல்லாம் நிறையப் படித்துவிட்டோம். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் காலையில் ரயிலைப் பிடித்து டெக்னோபார்க் போய் வருகிறவர்கள். இன்னும் பலர் பெங்களூரிலும் புனேயிலும் இருக்கிறார்கள். "அங்கே என்னப்பா வேலை?" என்று கேட்டால் "பக் பாக்குறோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வேலைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் இந்தியப் பேர்களும் உண்டு. அதிலே ஒரு துண்டை மட்டும், அதாவது கர்னல் டீபக்கர் என்னும் கருவி எண்ணுக்குப் பேர் கண்டுபிடிக்கிற விதத்தை மட்டும், இங்கே எழுதுகிறேன்.

முதலில் கர்னல் என்றால் என்ன என்று இரண்டு வரி. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் உள்ளறை அது. டிஸ்க், நினைவகம், நெட்வொர்க், கீபோர்டு எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கிற காரியஸ்தன். இதை எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பேர் வைக்கிறார்கள்: கோப்பைத் திறக்கிற வேலைக்கு ஒரு பேர், படிக்கிற வேலைக்கு ஒரு பேர் என்று. கம்பைலரும் லிங்கரும் சேர்ந்து இந்தப் பேர்களையெல்லாம் நினைவகத்தின் முகவரி எண்களாக மாற்றிவிடுகின்றன. மாற்றியபின் இயந்திரத்துக்குப் பேர் தேவையே இல்லை. தூக்கி எறிந்துவிடலாம், எறிந்துவிடுவதும் உண்டு. கர்னல் நடுவழியில் படுத்துக்கொள்ளும்போதுதான் பேர் ஞாபகம் வருகிறது. அப்போது திரையில் வருவது வெறும் எண்கள். அதுவும் 16-ஐ அடிமானமாகக் கொண்ட எண்கள், இலக்கங்களோடு எழுத்துகளும் கலந்து வரும். எந்த வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தது, அதைக் கூப்பிட்டது யார், அவரைக் கூப்பிட்டது யார் என்ற வரிசை முழுக்க அந்த எண்களில் இருக்கிறது. படிக்கத்தான் முடியாது.

இந்தச் சங்கடம் கம்ப்யூட்டர் அளவுக்கே பழையது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் டி.எக்ஸ்-0 என்ற இயந்திரம் இருந்தது. அதற்குப் பிழை தேட எழுதிய புரோகிராமுக்கு ஃபிளிட் என்று பேர் வைத்தார்கள். நம் வயதுக்காரர்களுக்கு ஃபிளிட் பம்பு ஞாபகம் இருக்கும், மூட்டைப்பூச்சிக்கும் கொசுவுக்கும் அடிப்பது. பிழையைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இருந்ததால் வந்த வேடிக்கை அது. 1961-இல் அங்கேயே பி.டி.பி-1 இயந்திரத்துக்கு அடுத்த கருவி வந்தபோது அதற்கு டி.டி.டி. என்று பேர் வைத்தார்கள்! அரிசி மண்டியில் டி.டி.டி. பவுடர் வாசனையோடு வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஆனால் விஷயம் பெரிது. புரோகிராம் எழுதினவர் தான் வைத்த பேரைத் தட்டினாலே அந்த இடத்தின் எண்ணை எடுத்துக் காட்டும் வழக்கம் இந்தத் தலைமுறைக் கருவிகளில் வேரூன்றியது.

1971 நவம்பரில் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்புக் கையேட்டிலேயே பேரேட்டை வாசித்துக் காட்ட ஒரு கட்டளையும் (என்.எம். என்று பேர்), பிழை தேட ஒரு கட்டளையும் (டி.பி.) இருக்கின்றன. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் ஒரு பேருக்கு ஒதுக்கிய இடம் 8 எழுத்து. பிறகு வகைக்கு 2 பைட், முகவரிக்கு 2 பைட். ஆகமொத்தம் 12 பைட்டில் ஒரு வரி. எட்டெழுத்துக்குள் நெய்யாற்றின்கரையை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், பாதியில் நின்றுவிடும். முதல் எழுத்துகள் ஒன்றாக இருந்து வால் மட்டும் வேறாக இருக்கிற இரண்டு பேர்கள் வந்தால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும். பின்னால் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் பேர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கி, நீளமான பேர்களுக்கு வழி செய்தார்கள்.

சாதாரண புரோகிராமுக்குப் பிழை தேடுவதில் இவ்வளவுதான் சிக்கல். புரோகிராம் விழுந்தாலும் கர்னல் நிற்கிறதே. அது டிஸ்கைத் திறந்து பேரேட்டை எடுத்துக் கொடுத்துவிடும். கர்னலே விழுந்தால்? டிஸ்கைத் திறக்கிறவனே படுத்துக்கிடக்கிறான். இரும்புப் பெட்டிக்குள் பேரேடு, பெட்டிச் சாவி வைத்திருக்கிறவர் மயங்கிக் கிடக்கிறார் என்பது போன்ற நிலைமை. கர்னல் டீபக்கர் மற்ற டீபக்கர்களிலிருந்து வேறுபடுவது இந்த ஓர் இடத்தில்தான்.

இதற்கு இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, பேரேட்டை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி, கர்னலின் மடியிலேயே வைத்துவிடுவது. பி.எஸ்.டி. வகை யூனிக்ஸ்களில் டி.டி.பி. என்ற டீபக்கருக்காக, கர்னலை ஏற்றும்போதே பூட் லோடர் பேரேட்டையும் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். எஸ்.ஜி.ஐ. கம்பெனியார் லினக்ஸுக்காகச் செய்த கே.டி.பி.யும் இந்த மடிக்கணக்கு வகைதான். இதற்கு விலை நினைவகம். விழாத நாளிலும் அது இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். இன்னொரு வழி, பேரேட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது. அதாவது இரண்டு கம்ப்யூட்டரை ஒரு சீரியல் கேபிளால் பிணைத்து, விழப்போகிற கர்னல் ஒன்றிலும், முழுப் பேரேட்டோடு கூடிய டீபக்கர் மற்றொன்றிலும் இருக்கும்படி செய்வது. விழுந்தவன் எண்ணை மட்டும் சொன்னால் போதும், பேரை அடுத்த வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். இந்த இரண்டாவது வழி லினக்ஸில் கே.ஜி.டி.பி. எனப்பட்டது. அடுத்த வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஜி.டி.பி. என்ற டீபக்கர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதியது. 2001 ஜூலையில் நம் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைக்க வந்தவர் அவர்தான்.

லினக்ஸில் வெகுநாள் இந்த இரண்டு வழியும் அதிகாரபூர்வமாகக் கிடையாது. லினக்ஸை உண்டாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2000 செப்டம்பரில், தமக்கு டீபக்கர்கள் பிடிக்காது என்று பகிரங்கமாகவே எழுதினார். கருவியை நம்பி அங்கங்கே ஒட்டுப்போடுகிறவர்களை விட, மூலத்தைப் படித்து யோசிக்கிறவர்களே தமக்கு வேண்டும் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கால்குலேட்டர் வந்தபிறகு மனக்கணக்கு போன கதை நமக்குத் தெரியும். ஆனாலும், கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் கூட்டம் நிற்கும்போது பெட்டி நின்றுபோனால், மூலத்தைப் படித்து யோசிக்க அவகாசம் எங்கே?

ஆகையால் அந்தக் காலத்தில் லினக்ஸ் கர்னல் தவறினால் 'ஊப்ஸ்' என்ற தலைப்போடு எண்களை மட்டும் கொட்டும். கர்னலைக் கட்டும்போதே சிஸ்டம்.மேப் என்ற கோப்பு ஒன்று உண்டாகும். அதுதான் பேரேடு. வரிக்கு வரி முகவரி எண், வகையைக் காட்டும் ஓர் எழுத்து, பேர். கட்டளைப் பகுதியானால் 'டி' போன்ற எழுத்து. எல்லோருக்கும் தெரிந்த பேரானால் பெரிய எழுத்தில், அந்தக் கோப்புக்குள் மட்டும் புழங்கும் பேரானால் சின்ன எழுத்தில் இருக்கும். ஆஸ்திரேலியரான கீத் ஓவன்ஸ் பராமரித்த கேசிம்ஊப்ஸ் என்ற புரோகிராம், திரையில் கொட்டிய எண்களையும் இந்த ஏட்டையும் ஒப்பிட்டுப் பேர் எழுதித் தரும். கர்னலின் செய்திகளை வாங்கிப் பதிவுசெய்யும் கேலாக்டி என்ற காரியஸ்தனும் இதே வேலையைத் தானாகவே செய்யும்.

இங்கேதான் நான் இந்தக் கட்டுரையை எழுத நினைத்ததற்கான காரணம் இருக்கிறது. கேலாக்டி அந்த ஏட்டை வரிசையாக மூன்று இடங்களில் தேடும். கர்னலைப் புதிதாகக் கட்டிவிட்டு, பழைய ஏட்டை அங்கேயே விட்டுவைத்தால் என்ன ஆகும்? ஒரு வரி கூடினாலும் அதற்குக் கீழே உள்ள முகவரிகள் எல்லாம் நகர்ந்துவிடும். எண் புதுசு, ஏடு பழசு. பழைய ஏட்டில் அந்த எண்ணுக்கும் ஒரு பேர் இருக்கத்தானே செய்யும்! அதைத் தயங்காமல் எடுத்துக் கொடுத்துவிடும். குற்றமில்லாத ஒரு வேலையின் பேர் குற்றவாளிக் கூண்டில் ஏறும். அதைத் திருத்தி எழுதி, மறுபடி ஓட்டி, மறுபடி விழுந்து, வாரக்கணக்கில் அலைவார்கள். இதற்காகவே ஏட்டுக்குள் வெர்ஷன் நம்பரைத் தாங்கிய பேர் ஒன்றை வைத்து, கர்னலோடு பொருந்துகிறதா என்று முதலில் பார்க்கும் ஏற்பாடு வந்தது. கேலாக்டியில் பேர்மாற்றமே வேண்டாம், எண்ணை எண்ணாகவே விட்டுவிடு என்று அணைத்துவைக்கவும் ஒரு வசதி இருந்தது. பேர் இல்லாத எண்ணைப் பார்த்தால் தெரியவில்லை என்று நிற்போம். தப்புப் பேரைப் பார்த்தால் தெரிந்துவிட்டதாக நினைத்து நடப்போம். இரண்டாவதே பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

நம் பகுதியில் நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு போய்க் கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதுவரை ஒரே திருவிதாங்கூர் ஏட்டில் இருந்த நிலங்கள் இரண்டு மாநில ஏடுகளுக்குப் பிரிந்தன. பாறசாலைப் பக்கம் வீடும் களியக்காவிளைக்கு அப்பால் விளையும் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்கள் ஒரு நிலத்துக்கு வில்லேஜ் ஆபீசில் தண்டப்பேர் நம்பர் பார்க்க வேண்டும், இன்னொன்றுக்கு பட்டா நம்பர் பார்க்க வேண்டும். கேரளத்தில் ரீசர்வே முடிந்த கிராமங்களில் பழைய சர்வே நம்பர் ஒன்று, புதிய பிளாக்கும் ரீசர்வே நம்பரும் வேறு. 2022 நவம்பர் 1 முதல் டிஜிட்டல் ரீசர்வேயும் நடக்கிறது. பழைய நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு புது ஏட்டைப் புரட்டினால் அங்கேயும் ஒரு பேர் இருக்கும், ஆனால் அது அயலாருடையதாக இருக்கும். விவரம் தெரிந்த ஆவண எழுத்தர்கள் பத்திரத்தில் பழையது, புதியது இரண்டையும் எழுதுவது சும்மா இல்லை.

கல்வெட்டுப் படிக்கிறவர்களுக்கும் இது பழகின பாடம். எல்லைக்கு அந்தப் பக்கம் சிதறாலில் திருச்சாரணத்து மலைக் கல்வெட்டு ஒன்று, ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டு என்று காலம் சொல்கிறது. 28 என்பது தூரம். எங்கிருந்து தூரம் என்றால், அவன் பட்டத்துக்கு வந்த ஆண்டிலிருந்து. வேறொரு வரகுணனை எடுத்துக்கொண்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். பின்னால் கொல்லம் ஆண்டு பரவியபோது கி.பி. 825 என்ற ஒரே அடியிலிருந்து எல்லாரும் எண்ண முடிந்தது. கர்னல்காரர்களும் இதே இரண்டு நிலைகளைக் கண்டார்கள், ஆனால் தலைகீழ் வரிசையில். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏடு வேறு, கர்னல் வேறு என்று இருப்பதால்தானே தகராறு? அப்படியானால் கர்னலைக் கட்டும்போதே அதனுடைய ஏட்டை அதற்குள்ளேயே தைத்துவிட்டால் தப்பு ஏடு என்ற பேச்சே எழாது. 2002-இல் லினக்ஸுக்குள் வந்த கேஆல்சிம்ஸ் என்ற பகுதி இதைச் செய்தது. கீத் ஓவன்ஸ் தொடங்கிய யோசனை. காய் கெர்மாஷெவ்ஸ்கி கர்னல் கட்டுமானத்தோடு சேர்த்தார். ரஸ்டி ரஸ்ஸல் அதைச் சுருக்கித் திருத்தி எழுதினார். அன்றிலிருந்து கர்னல் விழும்போது தன் வாயாலேயே பேர் சொல்லிவிட்டு விழுகிறது.

இது வேலை செய்யும் விதம் அமரவிளைப் பாலம் கதையேதான். விழுந்த எண் ஏட்டில் அப்படியே இருக்காது, ஏனென்றால் ஏட்டில் இருப்பது ஒவ்வொரு வேலையும் தொடங்குகிற இடம் மட்டும். விழுவது நடுவில் எங்கேயாவது. ஆகவே அந்த எண்ணுக்குச் சமமான அல்லது அதற்குக் கீழே மிக நெருங்கிய தொடக்கத்தைக் கண்டுபிடித்து, "இந்தப் பேர், கூட்டல் இவ்வளவு தூரம், மொத்த நீளம் இவ்வளவு" என்று எழுதும். மொத்த நீளத்தையும் சேர்த்து எழுதுவது நல்ல புத்தி. நெய்யாற்றின்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் தெற்கே என்று ஒருவர் சொன்னால் நடுவில் பல ஊர்ப் பேர்கள் அவர் ஏட்டில் விட்டுப்போயிருக்கின்றன என்று நாம் புரிந்துகொள்வது போல, அளவுக்கு மீறிய தூரத்தைக் கண்டால் சந்தேகப்பட முடியும். தேடுவதும் வரிசையாக இல்லை. நடுவில் பிரித்துப் பார்த்து, மேலா கீழா என்று பாதி பாதியாகக் கழித்துக்கொண்டு போகும். ஏட்டில் ஒரு லட்சம் பேர் இருந்தாலும் 17 தடவைக்குள் கிடைத்துவிடும். ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று பேர் இருந்தால்? களியக்காவிளை, களியிக்காவிளை என்று ஒரே ஊர் இரண்டு பலகையில் இருப்பது போல அங்கேயும் உண்டு. அப்போது ஏட்டில் முதலில் நிற்கும் பேரையே எடுத்துக்கொள்ளும்.

இடம் அடைக்கிறது என்ற பழைய குறைக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தமிழ்க் கணக்கேடு பார்த்தவர்களுக்கு ௸ என்ற குறி தெரியும். மேற்படி என்று பொருள். மேலே எழுதினதையே திரும்ப எழுதாமல் ஒரு குறியோடு விட்டுவிடுவது. அதேபோல வருஷத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹ என்று குறிகள். (இவை 2003-இல் வந்த யூனிகோடு 4.0-இல் இடம்பெற்றதால் இந்த மலரில் அச்சுக்கோக்க முடிகிறது. அதற்கு முன் எழுதியிருந்தால் கையால்தான் வரைந்து கொடுத்திருக்க வேண்டும்.) கேஆல்சிம்ஸ் முதலில் பிடித்தது மேற்படி வழியைத்தான்: முந்தைய பேரின் முதல் எழுத்துகள் இத்தனை அப்படியே, மிச்சம் மட்டும் இது, என்று எழுதுவது. அதிலே ஒரு தொல்லை. மேற்படி என்றால் மேலே பார்க்க வேண்டும், மேலேயும் மேற்படி என்றால் இன்னும் மேலே. ஒரு பேரை அறிய ஏட்டின் தலையிலிருந்து விரித்துக்கொண்டே வர வேண்டியிருந்தது.

2004 ஆகஸ்டில் பாவ்லோ மார்க்கெஸ் என்பவர் இதை மாற்றி ௵ ௶ வழிக்குக் கொண்டுவந்தார். ஓர் எழுத்தின் இடத்தில் 256 குறிகள் சாத்தியம். கர்னல் பேர்களில் அவற்றில் பல வருவதே இல்லை. வராத குறிகளை, அடிக்கடி வருகிற எழுத்துக்கூட்டங்களுக்குக் கொடுத்துவிட்டார். 'ரைட்' என்ற சொல்லும் அதன் பின்னே ஓர் அடிக்கோடுமாக 6 எழுத்து வருகிற இடமெல்லாம் ஒரே குறி வைத்தால் தடவைக்கு 5 எழுத்து மிச்சம். இதனால் பேரேடு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. சுருக்கிய பேர்கள் ஒரே நீளத்தில் இல்லாததால், 256 பேருக்கு ஒரு மைல்கல் நட்டு, அங்கிருந்து எண்ணிப் போகிறார்கள். எந்த நாட்டுப் பிள்ளையோ, நம் மண்டிக் கணக்குப்பிள்ளைமார் ஓலையில் செய்ததைச் செய்திருக்கிறார்.

இனி நம் நாட்டு அத்தியாயம். கல்வெட்டைப் படிப்பது போலவே இந்த மூலக் கோப்புகளின் தலைவரிகளைப் படிக்கலாம். யார், எந்த மாதம், என்ன கொடுத்தார் என்று தானக் கல்வெட்டு மாதிரியே எழுதியிருக்கும். கேப்ரோப்ஸ் என்ற பகுதியின் தலையில், 2002 அக்டோபரில் வம்சி கிருஷ்ணா இதை உண்டாக்கினார், 2004 ஜூலையில் சுபர்ணா பட்டாச்சார்யா இதைச் சேர்த்தார், ஆகஸ்டில் பிரசன்னா பஞ்சமுகி இதைத் திருத்தினார் என்று வரிசையாக இருக்கிறது. மூவரின் முகவரியும் ஐ.பி.எம். கம்பெனியின் இந்தியக் கிளை. கம்பெனியின் லினக்ஸ் வேலை பெங்களூரில் நடந்தது. 2004 அக்டோபரில் வந்த 2.6.9 கர்னலில் இது சேர்ந்தது.

கேப்ரோப்ஸ், ஓடிக்கொண்டிருக்கும் கர்னலை நிறுத்தாமலே அதன் நாடியைப் பார்க்கும் கருவி. குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் கட்டளையை எடுத்து நகல் வைத்துக்கொண்டு, அங்கே ஒரு 'நில்' கட்டளையை வைக்கும். ஓட்டம் அங்கே வந்ததும் ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் திரும்பி, நாம் கேட்ட விவரத்தைக் குறித்துக்கொடுத்து, நகல் கட்டளையை நிறைவேற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மேலே போகும். பெட்டியை மூட வேண்டாம், கூட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஆனால் எந்த இடம் என்று சொல்ல அன்றைக்கு எண்ணைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பயன்படுத்துகிறவர் சிஸ்டம்.மேப்பைத் தாமே புரட்டி, எண்ணை எழுதிச் செருகுவார். மறுபடி அதே தப்பு ஏட்டு அபாயம். இந்தத் தடவை அபாயம் இரட்டிப்பு, ஏனென்றால் தப்பான இடத்தில் கை வைப்பது ஓடுகிற கர்னலில்.

2006 அக்டோபரில் அதே கம்பெனியின் அனந்த் மாவினகாயனஹள்ளி ஒரு திருத்தம் அனுப்பினார். இனி எண் வேண்டாம், பேரைக் கொடுங்கள், எண்ணை கர்னலே தன் ஏட்டிலிருந்து பார்த்துக்கொள்ளும் என்பதே அதன் சாரம். அவரைத் தூண்டிய காரணங்களில் ஒன்று சுவையானது. பவர்பிசி என்ற 64-பிட் இயந்திரத்தில் ஒரே வேலைக்கு இரண்டு பதிவு இருந்தது. பேர் வெறுமனே இருந்தால் அது ஒரு விவரக் குறிப்பின் இடம். அதே பேருக்கு முன்னால் ஒரு புள்ளி இருந்தால்தான் கட்டளைகளின் இடம். புள்ளி போனால் பொருள் போச்சு. புள்ளி எழுத்தின் அருமை தெரிந்த நமக்கு இது புதிதில்லை. அனந்தின் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் புள்ளிக் கவலை கர்னலின் பொறுப்பாயிற்று. சின்னத் திருத்தம்தான். ஆனால் எண்ணிலிருந்து பேருக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த வழியில், பேரிலிருந்து எண்ணுக்கும் போக்குவரத்து இதனால் எளிதாயிற்று.

புனேயில் நடந்தது பக்கத்து வீட்டு ஏட்டின் கதை. டேவ் குரோத் என்பவர் ஆரம்பித்த கே.ஜி.டி.பி.யை அமித் காளே எடுத்து, முதலில் வெரிட்டாஸ் கம்பெனிக் காலத்திலும் பிறகு லின்சிஸ்சாஃப்ட் என்ற நிறுவனத்திலுமாகப் பல வருஷம் வளர்த்தார். அதிகாரபூர்வ கர்னலில் இடமில்லாததால் ஒவ்வொரு புதுக் கர்னல் வரும்போதும் ஒட்டுத்துணியைத் திரும்பத் தைக்க வேண்டியிருந்தது. பேரேட்டு விஷயத்தில் அவருக்கு இருந்த தலைவலி மாட்யூல்கள். கர்னல் ஓடும்போது பின்னால் வந்து சேர்கிற பகுதிகள் அவை. எந்த முகவரியில் குடியேறும் என்று முன்கூட்டித் தெரியாது. பக்கத்து வீட்டில் இருக்கும் ஏட்டில் அவற்றின் பேர் இருக்கும், முகவரி இருக்காது. ஆகவே மாட்யூலை ஏற்றும்போதே அது போய் உட்கார்ந்த இடத்தைக் கேட்டு வாங்கி, அடுத்த வீட்டு டீபக்கருக்குச் சொல்லும்படி ஒரு சிறு கட்டளைக் கோப்பை உண்டாக்கிக் கொடுத்தார்கள். வாடகைக்கு வந்தவர் கதவு நம்பரைத் தபால்காரரிடம் சொல்லிவைப்பது போல. கடைசியில் ஜேசன் வெஸ்ஸல் முயற்சியால் 2008-இல் 2.6.26 கர்னலில் கே.ஜி.டி.பி.யும், 2010-இல் 2.6.35-இல் கே.டி.பி.யும் இடம் பெற்றன. மடியிலுள்ள ஏடும் பக்கத்து வீட்டு ஏடும் இப்போது ஒரே கூரையின் கீழ். அமித் காளேயின் பேர் அந்தக் கோப்பின் தலையில் இன்றும் இருக்கிறது.

இவ்வளவும் பேரைச் சேர்த்துவைத்த கதை. பிறகு பேரை மறைக்கிற காலம் வந்தது. பேரேடு முதலாளிக்கு உதவுவது போலவே திருடனுக்கும் உதவும். எந்த வேலை எந்த முகவரியில் என்று தெரிந்தால் உள்ளே நுழைய வழி தேடுகிறவனுக்குப் பாதி வேலை முடிந்தது. 2011-இல் சாதாரணப் பயனாளிக்கு முகவரிகளைக் காட்டாமல் மறைக்கும் ஏற்பாடு வந்தது. 2014-இல் 3.14 கர்னலில், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கர்னல் வேறு வேறு அடியில் போய் உட்காரும் வசதி சேர்ந்தது. மேலே சொன்னேனே, அதுதான் இது: ஒரே அடியிலிருந்து எண்ணின கொல்லம் ஆண்டை விட்டு, மறுபடி ஆட்சியாண்டுக் கணக்குக்குப் போனார்கள், வேண்டுமென்றே. டீபக்கர்கள் முதலில் அன்றைய அடி என்ன என்று கேட்டு, அந்த வித்தியாசத்தை ஏட்டின் ஒவ்வொரு எண்ணோடும் கூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. 2020-இல் 5.7 கர்னலில், பேரைக் கொடுத்து முகவரி வாங்கும் உள்வழியை வெளி மாட்யூல்களுக்கு மூடிவிட்டார்கள். மூடினதும் சிலர் கேப்ரோப்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் அந்த முகவரியை வாங்கினார்கள். பெங்களூர்க்காரர்கள் திறந்துவைத்த வாசல் அது.

இதைக் கண்ணால் பார்க்க டெக்னோபார்க் போக வேண்டியதில்லை. 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017-இல் கைட் என்ற நிறுவனமான கேரளத் திட்டத்தால், நம் பக்கத்துப் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களில் இருப்பது குனு/லினக்ஸ்தான். டெர்மினலைத் திறந்து, ப்ராக் என்ற அடைவில் உள்ள கேஆல்சிம்ஸ் கோப்பைக் காட்டச் சொன்னால் பேர்கள் மழையாகக் கொட்டும். பிள்ளைகள் பார்த்தால் முதல் பத்தி முழுக்க பூஜ்யம். நிர்வாகி கடவுச்சொல்லோடு ஆசிரியர் பார்த்தால் முகவரிகள் தெரியும். இரண்டு பேரை அருகருகே குறித்துக்கொண்டு, இயந்திரத்தை அணைத்துத் திறந்து மறுபடி பாருங்கள். அடி மாறும் வசதி இயங்குகிற கர்னலானால் இரண்டு எண்ணும் மாறியிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் மீதி நேற்று இருந்ததேதான் இருக்கும்.